நாலு கால் சட்டம் – 11: நாய் வரியும் நூலக அலமாரியும்

இந்த வாரம் சிறுத்தை வரும் என்று சொல்லியிருந்தேன். வராது. நாய் குறுக்கே வந்துவிட்டது. ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டு முறை போன் வந்தாகிவிட்டது. மூன்றாவது போனுக்குள் முடித்தாக வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முன்கதை: 1871-ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டம் பயிரை மாட்டிடமிருந்து காப்பாற்றியது. பவுண்டு கட்டி, மாட்டை அடைத்து, தண்டம் வாங்கியது. ஆனால் மாட்டையோ ஆட்டையோ யாரிடமிருந்தும் அது காப்பாற்றவில்லை. மீதி வேண்டுமென்றால் பழைய இதழ்களைத் தேடி எடுங்கள். (1751-ல் ஆற்காட்டைப் பிடித்த கையோடு கிளைவ் படையெடுத்து வந்த திமிரிக் கோட்டையைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டு இரண்டு கடிதங்கள். ஐயா, அது இரண்டு கால் விவகாரம். இந்தத் தொடரில் இடமில்லை.)

விஷயத்துக்கு வருகிறேன். திமிரியிலிருந்து ஆரணி போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு மானாவாரிக் கொல்லை. அதில் வலை கட்டிய பட்டி. விடிந்தும் விடியாத நேரத்தில் நான் போனபோது ஏழு ஆடுகள் வரிசையாகக் கிடந்தன. யாரோ பக்கத்தில் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தார்கள். தப்பித்தவை வரப்பு ஓரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன, சத்தமே இல்லாமல். பசித்த ஆட்டின் சத்தம் நமக்குப் பழக்கம். பயந்த ஆடு வாயைத் திறப்பதில்லை என்பதை அன்றுதான் பார்த்தேன்.

ஆடுகளின் சொந்தக்காரி ஓர் ஆயா. அழுது முடித்துவிட்டிருந்தார்.

“ஆயா, நரியா இருக்குமா?”

“நரியா இருந்தா ஒண்ணத் தூக்கினு போயிருக்கும் நைனா. இது நாயி. ஒண்ணக்கூடத் தின்னல பாரு. கடிச்சிக் கடிச்சிப் போட்டுட்டுப் போயிருக்குது.”

பத்து மணிக்கு வந்த கால்நடை மருத்துவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு. ரோமத்தை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தார். சிறுத்தை என்றால் கடி பெரும்பாலும் தொண்டையில் இருக்கும்; பற்கள் ஆழமாக இறங்கியிருக்கும்; அடித்ததை இழுத்துக்கொண்டு போகும். நாய்க் கூட்டம் துரத்திக்கொண்டே கடிக்கும். அதனால் தொடை, பின்பக்கம், அடிவயிறு, காது என்று கண்ட இடத்திலும் கிழிசல். வெறும் ஓட்டத்திலும் பயத்திலும் செத்துப்போகிற ஆடும் உண்டாம். ஏழில் ஒன்றின் உடம்பில் காயமே இல்லை.

அவர் காகிதத்தில் எழுதப்போகிற ஒரே சொல்லில்தான் ஆயாவின் பணம் இருக்கிறது. சிறுத்தை என்று எழுதினால் வனத்துறையின் ஜன்னல். தெருநாய் என்று எழுதினால் வேறு ஜன்னல். வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயிருந்தால் பேரிடர் நிவாரண நிதியின் ஜன்னல். அங்கே ஆட்டுக்கு 4,000 ரூபாய். தெருநாய் கடித்துச் செத்த ஆட்டுக்கு 6,000, மாட்டுக்கு 37,500 என்று தமிழக அரசு 2025-ல் கொடுக்க முன்வந்தது. அதுவும் சும்மா வந்ததில்லை. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கத்து விவசாயிகள் செத்த ஆடுகளைத் தூக்கிவந்து நடுரோட்டில் போட்டு உட்கார்ந்த பிறகு வந்தது. ஒரே ஆடு, ஒரே எடை. கொன்றது எது என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது. சந்தையில் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை சொல்வார்கள். சர்க்காரில் கடித்ததன் பல்லைப் பார்த்து விலை சொல்கிறார்கள்.

சரி, பணம் பிறகு. ஆட்டை நாய் கடிக்கக்கூடாது என்று ஒரு சட்டமாவது இருக்கிறதா?

தேடினேன். 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் 428, 429 என்று இரண்டு பிரிவுகள் இருந்தன, விலங்கைக் கொல்வதும் முடமாக்குவதும் பற்றி. யானை, ஒட்டகம், குதிரை, கோவேறு கழுதை, எருமை, மாடு ஆகியவற்றுக்கு விலை எதுவானாலும் பெரிய தண்டனை. மற்ற விலங்குகளுக்கு 50 ரூபாய் பெறுமானம் இருந்தால்தான் அந்தத் தண்டனை. 10 ரூபாய் பெற்றால் சின்னத் தண்டனை. அந்தக் காலத்து ஆடு 50 ரூபாய்க்கு எங்கே போகும்? 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் இந்த விலைப்பட்டியலை எடுத்துவிட்டது. ஆனால் பழையதோ புதியதோ, குற்றவாளி மனிதனாக இருக்க வேண்டும். நாய்மீது எஃப்.ஐ.ஆர். போட முடியாது.

நாய்க்கு எசமான் இருந்தால் அவரைப் பிடிக்கலாம். தெருநாய்க்கு எசமான் இல்லை. 2001-ல் வந்து 2023-ல் திருத்தி எழுதப்பட்ட விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, உள்ளாட்சி அதைப் பிடிக்க வேண்டும், கருத்தடை செய்ய வேண்டும், வெறிநாய்த் தடுப்பூசி போட வேண்டும், பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும். 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றமும் வெறிபிடித்தவை, மூர்க்கமானவை நீங்கலாக அதையேதான் சொன்னது. வெறிநோயை அடக்க இது நல்ல வழி. நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் ‘பிடித்த இடம்’ பட்டிக்குப் பக்கத்துக் குப்பைமேடாக இருந்தால்? கருத்தடை செய்த நாய்க்குக் குட்டிதான் பிறக்காது. பல் அப்படியேதான் இருக்கும்.

இங்கேதான் இந்த வாரம் நான் தடம் மாறினேன். மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்று புரட்டப் போய், இரண்டு நாளாக அதிலேயே கிடக்கிறேன்.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில், உன் நாய் என் ஆட்டைக் கடித்தால் அந்த நாய்க்குக் கடிக்கிற குணம் உண்டு என்பது உனக்கு முன்னமே தெரியும் என்று நான் நிரூபிக்க வேண்டும். அதாவது முதல் கடி இலவசம். 1865-ல் நாய்ச் சட்டம் கொண்டுவந்து ஆடு மாடுகள் விஷயத்தில் அந்தச் சலுகையை ரத்து செய்தார்கள். 1953-ல் இன்னொரு படி: கால்நடைகளைத் துரத்தினாலே குற்றம், கடிக்கக்கூட வேண்டாம். ஆடு மேய்கிற வயலில் கயிறோ கட்டுப்பாடோ இல்லாமல் நாய் திரிந்தாலும் குற்றம் என்று பிற்பாடு சேர்த்தார்கள். அதிலிருந்து விலக்குப் பெற்ற நாய்களின் பட்டியல் ஒன்று உண்டு. போலீஸ் நாய், பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய், மேய்ப்பனின் பழக்கிய நாய். ஆட்டுக்கு எமனும் நாய்தான், காவலும் நாய்தான் என்று சட்டப் புத்தகத்திலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செத்த ஆட்டுக்கு விலை மதிப்பதற்கென்றே உள்ளாட்சி ஓர் ஆளை நியமிக்கும். அவர் வந்து பார்க்கும்வரை உடலை அப்புறப்படுத்தக்கூடாது. இதைப் படித்ததும் எனக்கு ராணிப்பேட்டையில் தோல் தரம் பிரிக்கும் ஒரு பெரியவர் ஞாபகம் வந்தது. தோலை மேசைமேல் வீசுவார், உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார், தள்ளிவிடுவார். ஒரு தோலுக்கு மூன்று விநாடி. ஒருமுறை கை நின்றது. பின்தொடைப் பக்கம் ஆறிப்போன நாலு தழும்பு. “இது சின்னதுல நாய்கிட்ட மாட்டித் தப்பிச்ச ஆடு. தப்பிச்சி என்னா பிரயோஜனம், நம்மகிட்ட வந்துடுச்சி” என்றார். தானாகச் செத்த உருப்படியின் தோலையும் அவர் விட மாட்டார். ரத்தம் முழுக்க வடியாததால் பதனிட்ட பிறகும் நரம்பு நரம்பாகக் கோடு தெரியும். வியாபாரத்தில் ‘முர்தாரி’ என்பார்கள். அறுத்த ஆட்டின் தோலான ‘ஹலாலி’க்குள்ள விலை கிடைக்காது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வரைக்கும் இப்படிப்பட்ட கண்கள் நிறைய உண்டு. விலை மதிக்க ஆளுக்கா பஞ்சம்?

இனி, நான் தூங்காமல் புரட்டிக்கொண்டிருந்த விஷயம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணம். அங்கே நாய் வளர்க்கிறவர்கள் எல்லோரும் வருடா வருடம் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். மக்கள் அதை ‘நாய் வரி’ என்றே சொன்னார்கள். அந்தப் பணம் ஒரு நிதியில் சேரும். எவருடைய நாயாவது ஆட்டைக் கொன்றால் ஆட்டுக்காரருக்கு அந்த நிதியிலிருந்து கொடுப்பார்கள். எந்த நாய் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் நஷ்டம் ஆட்டுக்காரர் தலையில் விழாது. எல்லா நாய்க்காரர்களும் சேர்ந்து எல்லா ஆட்டுக்காரர்களுக்கும் பொறுப்பு. அதோடு நிற்கவில்லை. ஆண்டுக் கடைசியில் நிதியில் மீந்த பணத்தை என்ன செய்வது? 1869-ல் சட்டம் போட்டார்கள்: மீதியை ஊருக்கே திருப்பிக் கொடு, ஊர் அதைப் பொது நூலகத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோதான் செலவழிக்க வேண்டும்.

நாய் ஒழுங்காக இருந்தால் ஊருக்குப் புத்தகம் வரும்! எத்தனையோ சின்ன ஊர்களின் நூலகங்கள் நாய்ப் பணத்தில் அலமாரியை நிரப்பிக்கொண்டன. பக்கத்து வீட்டு நாய் அவிழ்ந்து ஓடுவதைப் பார்த்த நூலகர், போச்சு இந்த வருடத்து நாவல்கள் என்று தலையில் கை வைத்திருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

நம் ஊரிலும் நூலகத்துக்கு வரி உண்டு. 1948-ல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் விடாமல் தூண்டியது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறியது. வீட்டு வரி ஒரு ரூபாய்க்கு 10 பைசா நூலகத்துக்குப் போகிறது. ஆயாவின் ஓட்டு வீட்டிலிருந்தும் போகிறது. நூலகத்துக்கு வீடு கொடுக்கிறது, சந்தோஷம். ஆட்டுக்கு யார் கொடுப்பது? நாய் வளர்க்கிறவரும், வளர்க்காமல் எச்சிற்சோற்றைத் தெருவில் கொட்டி நாயைப் பெருக்குகிறவரும், கோழிக்கடைக் கழிவை ஏரிக்கரையில் வீசுகிறவரும் சேர்ந்து ஒரு நிதிக்குக் கொடுத்தால் என்ன? நாய்க்கு எசமான் இல்லை என்பதுதான் நம்முடைய முடிச்சு. எசமான் ஒருவர் இல்லையென்றால் ஊரே எசமான் என்று மாசசூசெட்ஸ்காரன் அவிழ்த்துக் காட்டியிருக்கிறான். செத்த ஆட்டை ரோட்டில் போட்டு உட்கார்ந்தால்தான் கிடைக்கும் என்றால் அது நிவாரணம். போன வருடமே எடுத்து வைத்த பணத்திலிருந்து வந்தால் அது உரிமை.

மூன்றாவது போன் அடிக்கிறது. சிறுத்தை அடுத்த வாரம் நிச்சயம். 2024 ஜூன் 14 அன்று திருப்பத்தூரில் பள்ளிக்கூடத்துக்குள் வந்ததே, அங்கிருந்து தொடங்கலாம். வனவிலங்குச் சட்டம் 11-ஆம் பிரிவில், தன்னையோ வேறொரு நபரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றால் குற்றமில்லை என்று ஒரு வரி இருக்கிறது. ஆடு ‘நபர்’ ஆகுமா? யோசித்து வையுங்கள்.

ஆயாவின் ஏழு ஆடுகளையும் கொல்லை மூலையில் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்கள். தோல் பதனிடும் ஷாப்பிலும் ஆட்டுத்தோலுக்கு ஆரம்பத்தில் சுண்ணாம்புதான். நேற்று அந்தப் பக்கம் போனேன். மனு கொடுத்தாகிவிட்டது, பதில் வரவில்லை. பட்டி வாசல் முளைக்குச்சியில் ஒரு செவலைக் குட்டி கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் உடம்பை மீறிய குரலில் குரைத்தது.

“எங்க புடிச்ச ஆயா?”

“அந்தக் குப்பமேட்டுலதான் கெடந்துச்சி நைனா. அதுங்க கூட்டத்துக் குட்டிதான். நம்ம சோத்தத் தின்னு வளந்தா நம்ம ஆட்டப் பாத்துக்காதா?”