தொட்டிக்குள் ஒரு நதி – 14: ஆறடித் தொட்டிக்கு எத்தனை வாட்?

ஹீட்டர் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "தொட்டி எத்தனை லிட்டர்?" என்பதுதான். சொன்னதும் லிட்டருக்கு ஒரு வாட் என்று கணக்குப் போட்டு எடுத்துக் கொடுத்துவிடுவார். இரண்டடித் தொட்டிக்கு அந்தக் கணக்கு போதும். ஆறடித் தொட்டிக்கு அதை நம்பக்கூடாது. உங்கள் ஹாலில் விடியற்காலை எவ்வளவு குளிர்கிறது என்று அந்தக் கணக்கு கேட்பதே இல்லை. ஹீட்டரின் வேலையைத் தீர்மானிப்பதோ அந்தக் குளிர்தான்.

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டி, விளிம்புவரை நிரப்பினால் 680 லிட்டர் பிடிக்கும். மணல், கட்டை, மேலே விடும் இடைவெளி எல்லாம் போகத் தண்ணீர் 600 லிட்டர் இருக்கும். நாம் வளர்க்கப்போவது டிஸ்கஸ். அமேசான் படுகையின் வெதுவெதுப்பான நீரில் வாழும் மீன். அதற்கு 28 டிகிரிக்குக் குறையாமல் வேண்டும்.

சூடு வெளியேறுவது கண்ணாடி வழியாகவும் நீர்ப்பரப்பு வழியாகவும்தான். தொட்டி பெரிதாக ஆக, ஒரு லிட்டர் தண்ணீருக்கு உள்ள வெளிப்பரப்பு குறைந்துகொண்டே போகும். இரண்டடிக்கு ஓரடி தொட்டியோடு ஒப்பிட்டால் நம் ஆறடித் தொட்டியில் அது பாதிக்கும் குறைவு. அண்டாவில் காய்ச்சிய வெந்நீர் டம்ளர் வெந்நீரைவிட நெடுநேரம் ஆறாமல் இருப்பதும் இதனால்தான்.

நான்கு பக்கக் கண்ணாடியும் மேல் மூடியும் சேர்ந்து நம் தொட்டியின் பரப்பு ஏறக்குறைய 4 சதுர மீட்டர். அறைக்கும் தண்ணீருக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியே சுமார் 6 வாட் சூடு போகும். ஆக மொத்தத் தொட்டிக்கும் டிகிரிக்கு 25 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். அடிப்பலகை மேல் தெர்மாகோல் விரித்துத் தொட்டியை வைத்திருப்பதால் கீழ்ப்பக்கத்தைச் சேர்க்கவில்லை.

இப்போது ஊட்டியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஜனவரி விடியலில் ஹாலுக்குள் 12 டிகிரி. தண்ணீர் 28-இல் நிற்க வேண்டும் என்றால் வித்தியாசம் 16. 16-ஐ 25-ஆல் பெருக்கினால் 400 வாட். ஹீட்டர் ஓயாமல் எரிந்தே காலம் தள்ளக்கூடாது என்பதால் பாதி கூட்டி 600 வாட் ஆக்கலாம். அதே தொட்டி சென்னையில் இருந்தால்? மார்கழியிலும் சாத்திய அறையில் 23 டிகிரி இருக்கும். வித்தியாசம் 5. 125 வாட் போதும்; தாராளமாக 200. ஊர் மாறியதும் தேவை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. அதனால் ஹீட்டர் வாங்குமுன் ஒரு தெர்மாமீட்டரைத் தொட்டியருகே மாட்டி, குளிர் மிகுந்த வாரத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பாருங்கள். சென்னைவாசிகள் ஏசியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரவெல்லாம் 22-இல் ஏசி ஓடும் அறையில் டிஸ்கஸுக்கு மே மாதத்திலும் ஹீட்டர் வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் மூடி போட்ட தொட்டிக்கு. திறந்து வைத்தால் நீர் ஆவியாகும்போது சூட்டையும் கூடவே கொண்டுபோகும். ஒரு லிட்டர் ஆவியாகப் போனால், 600 லிட்டர் தண்ணீரும் ஏறக்குறைய ஒரு டிகிரி குளிரும் அளவுக்குச் சூடு போயிற்று என்று பொருள். ஹீட்டரில் இன்னும் நூறு வாட் கூட்டுவதற்குமுன் ஒரு கண்ணாடி மூடி வெட்டிப் போடுங்கள்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது இனிமேல்தான். 600 வாட் வேண்டுமென்றால் 300 வாட் ஹீட்டர் இரண்டு வாங்குங்கள். தெர்மோஸ்டாட்டின் உள்ளே இருக்கும் தொடுமுனைகள் ஒருநாள் ஒட்டிக்கொள்ளலாம். பிறகு ஹீட்டர் அணையாது. ஊட்டித் தொட்டியில் ஒற்றை 600 வாட் அப்படி எரிந்துகொண்டே இருந்தால், தண்ணீர் அறையைவிட 24 டிகிரி மேலே போய்த்தான் நிற்கும். பகலில் அறை 18 டிகிரி என்றால் தண்ணீர் 42. ஒரு மீன்கூட மிஞ்சாது. 300 வாட் ஹீட்டர் ஒன்று மட்டும் அப்படி எரிந்தால், மற்றது தானாக அணைந்துவிடும். தண்ணீர் 30-ஐத் தாண்டாது. டிஸ்கஸ் அதைத் தாங்கும். இரண்டில் ஒன்று எரியாமலே போனாலும், குளிர்ந்த விடியலில் மற்றது 24-இல் தாங்கிப் பிடிக்கும். மாற்று ஹீட்டர் வாங்கிவர அவகாசம் கிடைக்கும். சென்னைக்கு 100 வாட் இரண்டு. அங்கே 300 வாட் வைப்பது ஆபத்து. ஏசி ஓடாத அறையானால் கோடையில் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

இரண்டையும் தொட்டியின் இரு முனைகளில், ஃபில்டர் தண்ணீர் ஓடும் இடத்தில் பொருத்துங்கள். தேங்கிய மூலையில் வைத்தால் தன்னைச் சுற்றியுள்ள நீரை மட்டும் சுடவைத்துவிட்டு அணைந்துவிடும். தண்ணீர் மாற்றும் நாளில் முதலில் ஹீட்டரை அணைத்துவிட்டுக் கால்மணி நேரம் பொறுங்கள். சூடான கண்ணாடிக் குழாய் நீருக்கு வெளியே தெரிந்தால் விரிசல் விடும். விரிசல் விட்ட ஹீட்டர் இருக்கும் தண்ணீரில் கைவிடுவது உயிருக்கே ஆபத்து. வீட்டு மின்பலகையில், மின்கசிவு கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

ஊட்டியில் குளிர்கால இரவில் கரண்ட் போனால் தண்ணீர் மணிக்கு அரை டிகிரிக்குச் சற்று மேல் இறங்கும். நாலு மணி நேரத்தில் இரண்டு டிகிரி. ஹீட்டரை இன்வெர்ட்டரில் போட்டால் பேட்டரி சீக்கிரம் காலியாகிவிடும். அதில் காற்று பம்பை மட்டும் ஓடவிட்டு, தொட்டியின் பக்கங்களைக் கம்பளியால் போர்த்துங்கள். கரண்ட் வந்த பிறகு இழந்த இரண்டு டிகிரியை ஹீட்டர்கள் மீட்க ஆறேழு மணி நேரமாகும். அவசரப்பட்டு வெந்நீர் ஊற்ற வேண்டாம். தண்ணீர் பழைய சூட்டுக்கு வரும்வரை தீனியும் போடாதீர்கள். குளிர்ந்த உடம்பில் டிஸ்கஸுக்குச் செரிக்காது.