புறணிக்கு எதிர்ச்சொல் மௌனமா?

வதந்தி, புரளி, கிசுகிசு, கோள், புறணி... ஆளில்லாத இடத்தில் ஆளைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. சங்க இலக்கியம் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறது. ஒரு பெண்ணின் காதலை ஊர் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தால் அம்பல். தெருவறியப் பேசினால் அலர். சரி, இதற்கெல்லாம் எதிர்ச்சொல் எது?

திருக்குறளைத் திறந்தால் 19ஆம் அதிகாரம் புறங்கூறாமை. அடுத்தது பயனில சொல்லாமை. இரண்டும் எதைப் பேசக் கூடாது என்று சொல்பவை. நாவை அடக்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் ஊரே ஒருவரைத் தூற்றும்போது உண்மை தெரிந்தவர் சும்மா இருந்தால், அது தூற்றுபவர்களுக்கே வசதி. அந்த இடத்தில் வேறு வகைப் பேச்சு ஒன்று வேண்டும். அதற்கு அகத்திணை மரபு வைத்த பெயர், அறத்தொடு நிற்றல்.

தலைவியின் களவுக் காதலைப் பற்றி ஊரெங்கும் அலர். வீட்டிலோ அவளை வெளியே விடுவதில்லை. வேறிடத்தில் மணம் பேசவும் தொடங்கிவிட்டார்கள். இந்த நெருக்கடியில் தலைவி தோழியிடம் மனம் திறக்கிறாள். தோழி வளர்ப்புத் தாயான செவிலியிடமும், செவிலி பெற்ற தாயிடமும், தாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும் எடுத்துச் சொல்கிறார்கள். ஊர் பேசும் அதே செய்திதான். ஆனால் இது முடிவெடுக்க வேண்டியவர்களின் காதுக்கு மட்டும் போகிறது. சொல்கிறவள் எதிரே நின்று, வரப்போகும் கோபத்தையும் தாங்கிக்கொண்டு சொல்கிறாள். இப்படிச் சொல்வதற்குத் தொல்காப்பியம் ஏழு வழிகளை வகுத்திருக்கிறது. தலைவனின் சிறப்பைப் போற்றிச் சொல்லும் ஏத்தல் அவற்றில் ஒன்று. உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது இன்னொன்று.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளிலும் இந்த ஒரே வேலையைத்தான் செய்கிறது. மகளின் மெலிவுக்குக் காரணம் புரியாமல் தெய்வங்களுக்குப் பூசை போட்டுக்கொண்டிருக்கிறாள் செவிலி. அவளிடம் தோழி நடந்ததைச் சொல்கிறாள்: தினைப்புனம் காத்தது, அருவியில் ஆடியது, பூப்பறித்தது, பாய்ந்து வந்த யானையைத் தலைவன் அம்பெய்து விரட்டியது, மணப்பேன் என்று அருவி நீர் அருந்திச் சூளுரைத்தது. பூக்களின் பட்டியலுக்காகவே பலரும் நினைவில் வைத்திருக்கும் இந்தப் பாட்டு, தோழியின் துணிவுக்காகவும் படிக்கப்பட வேண்டியது.

ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் ஒன்று, யாரை எங்கே புகழ வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. ஆசிரியரை எங்கும் புகழலாம். வேலையாளை வேலை முடிந்தபின் புகழ வேண்டும். பிள்ளைகளை மனத்துக்குள் மட்டும். நண்பனை? அவன் இல்லாத இடத்தில், நெஞ்சாரப் புகழ வேண்டும். புறங்கூறலை அப்படியே தலைகீழாகத் திருப்பிய இலக்கணம் இது.

பேச்சு வழக்கிலும் இதற்கு ஒரு சொல் உண்டு. "அவரு யாருகிட்டயும் என்னை விட்டுக்கொடுக்க மாட்டாரு" என்று மனைவியோ தம்பியோ பெருமையாகச் சொல்லும்போது, தாங்கள் இல்லாத சபையிலும் தங்கள் மானம் பத்திரமாக இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அமெரிக்காவில் 2019இல் வெளியான ஓர் ஆய்வு, 467 பேரின் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தது. இல்லாதவரைப் பற்றிய பேச்சில் ஏறத்தாழ முக்கால் பங்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. மீதியில் பாராட்டைவிடக் குறை சொல்வதே அதிகம். 1998இல் வந்த இன்னோர் ஆய்வு, ஒருவர் பிறரிடம் இருப்பதாகச் சொல்லும் குணத்தைக் கேட்பவர்கள் தம்மையறியாமல் சொன்னவர் மீதே ஏற்றிவிடுவதைக் காட்டியது. பிறரைக் கஞ்சன் என்பவர் மீது கஞ்சத்தனமும், நேர்மையானவர் என்பவர் மீது நேர்மையும் ஒட்டிக்கொள்கின்றன.

அலுவலகத்திலோ, கல்யாணப் பந்தியிலோ, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ இல்லாத ஒருவரின் பெயர் அடிபட்டால், அவரைப் பற்றித் தெரிந்த நல்லதை ஒரு வரியாவது சொல்லுங்கள். குறை சொல்லியே ஆக வேண்டுமென்றால், அதைச் சரிசெய்யக்கூடியவரிடம், உங்கள் பெயரோடு சொல்லுங்கள்.