செங்காந்தள் கொடியின் உறக்க காலம்

காந்தள் தமிழருக்குப் புதிய மலரன்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் மலர்களுள் முதலாவது இதுவே. இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலராகும். கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு, கார்த்திகைப் பூ என்பன அதன் வேறு பெயர்கள். தாவர நூலார் குளோரியோசா சூப்பர்பா என்பர். மராத்தியர் களலாவி என்பர்.

தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைப் பூ என்ற பெயர் பொருந்துகிறது. கொங்கணத்திலோ மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. தாணே கழிமுகத்துக்கும் பார்சிக் குன்றுகளுக்கும் இடையிலுள்ள கோபர்கைரனேயில் இக்கொடியை வளர்ப்போர் ஆடி, ஆவணியிலேயே மலரை எதிர்பார்க்கலாம். கார்த்திகையில் அங்குக் கொடி காய்ந்திருக்கும். அதைப் பட்டுப்போனதாகக் கருதி நீர் ஊற்றுவோர் கிழங்கை அழுகச் செய்கின்றனர். கொடி இறக்கவில்லை, உறங்குகிறது.

மே மாத இறுதியில், மழைக்கு முன்பாகக் கிழங்கை நடவேண்டும். ஏர்க்கலப்பை போல் வளைந்த கிழங்கின் கிளை நுனியில்தான் முளைக்கும் மொட்டு உள்ளது. நுனி ஒடிந்தால் அக்கிளை முளைக்காது. ஆகவே கிழங்கைப் படுக்கையாக வைத்து, மேலே 2 அல்லது 3 அங்குலம் மண் இடுதல் வேண்டும். கழிமுகக் களிமண் நீரையும் உப்பையும் பிடித்து வைப்பதால் உதவாது. செம்மண், மணல், மக்கிய இலையுரம் கலந்த கலவையும், அடியில் துளையுள்ள அகன்ற தொட்டியும் ஏற்றவை.

இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிறது. பருத்த தூணை அதனால் பற்ற இயலாது. மெல்லிய குச்சிகளோ கம்பிவலையோ தேவை. மலர் விரியும்போது இதழ்கள் பச்சையும் மஞ்சளுமாக இருந்து, சில நாட்களில் முழுச் சிவப்படைகின்றன. சூல்தண்டு பக்கவாட்டில் மடிந்து மகரந்தத்தினின்று விலகி நிற்பதை மாணவர்க்கு அவசியம் காட்டலாம். இவ்வமைப்பினால் தன் மகரந்தம் எளிதில் சேராது. விதைக்காக இதனைப் பயிரிடும் திருப்பூர் மாவட்ட மூலனூர்ப் பகுதியில் மகரந்தத்தைக் கையால் சேர்ப்பது வழக்கம். அவ்விதையினின்று எடுக்கப்படும் கோல்சிசின், கீல்வாத நோய்க்கு மருந்தாகிறது.

அதே கோல்சிசின் கொடிய நஞ்சுமாகும். செடி முழுவதும் அது உண்டெனினும் கிழங்கிலும் விதையிலும் மிகுதி. வேகவைத்தாலும் அழியாது. இலங்கையில் உண்ணத்தக்க கிழங்கென மயங்கி இதனைத் தின்றோர் மாண்டதுண்டு. உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தோன்றும்; பின்னர் சிறுநீரகமும் இரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மச்சையும் பாதிக்கப்படும். பிழைத்தவருக்கும் முடி உதிர்வதுண்டு. வீட்டு மருத்துவத்தில் காலங்கடத்தாது, எஞ்சிய கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். களலாவி என்ற பெயரே பிரசவ வேதனையைத் தூண்டுவது என்னும் பழைய பிரயோகத்தைக் குறிப்பது. அப்பிரயோகம் முற்றிலும் தவிர்க்கத்தக்கது.

பூத்து நிற்கும் கொடியை யாரும் உண்பதில்லை. மலரும் இலையும் மறைந்து, கிழங்கு மட்டும் எஞ்சியுள்ள மாதங்களிலேயே அபாயம் மிகுதி. எனவே அக்டோபரில் இலை பழுத்ததும் நீரை நிறுத்தி, தொட்டியை மழை படாத இடத்தில் அப்படியே விட்டுவிடுவதே மேல். தொட்டியின்மீது பெயரும் ‘நஞ்சு’ என்ற சொல்லும் எழுதப்பட வேண்டும். பள்ளித் தோட்டத்தில் கிழங்கைத் தோண்டி எடுக்க நேர்ந்தால், ஆசிரியரே கையுறையணிந்து எடுத்து, எண்ணி, உலர்ந்த மணலிட்ட பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். சேனையும் சேப்பங்கிழங்கும் உள்ள அறையில் அப்பெட்டி இருத்தலாகாது. மே மாதத்தில் திறக்கும்போது மீண்டும் எண்ணிச் சரிபார்த்தல் வேண்டும்.