முதற் கைவானொலி

காஞ்சிபுரத்திற்குப் பட்டுச் சேலை வாங்க வருவோரைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்திருக்கிறேன். பெரும்பாலோர் கண் முதலில் ஜரிகையின் பளபளப்பில்தான் பதிகிறது. பாவு எத்தகையது, ஊடை எத்தகையது, உடலும் கரையும் கோர்வையாக இணைக்கப்பட்டனவா என்று கேட்போர் சிலரே. ஹாம் வானொலித் துறையில் புதிதாக நுழையும் மாணவர்களும் ஏறத்தாழ இவ்வாறே நடந்துகொள்கிறார்கள். "ஐயா, ஐந்து வாட் கைவானொலி வாங்கலாமா, எட்டு வாட் வாங்கலாமா?" என்பதே அவர்கள் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி. வாட் என்பது ஜரிகையைப் போன்றது. அது இருக்கவேண்டியதுதான், ஆயினும் சேலையின் உயிர் அதில் இல்லை.

ஹாம் வானொலி என்பது யாது? ஊதியம் கருதாமல், வாணிபம் கருதாமல், கற்றலையும் பரிசோதனையையும் நட்பையுமே நோக்கமாகக் கொண்டு தனிமனிதர் நடத்தும் வானொலித் தொடர்பு அது. நம் நாட்டிற்கு இது புதியதன்று. சென்னையில் 1924-ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் முதலிய ஆர்வலர்கள் மாகாண வானொலிக் கழகத்தைத் தோற்றுவித்து ஒலிபரப்பும் நடத்தினர். அரசாங்கத்தின் வானொலி நிலையம் சென்னைக்கு வந்தது 1938-இல்தான். தமிழ்நாட்டில் ஒலிபரப்பு என்னும் கலையே ஆர்வலர் கையில் பிறந்து, பின்னர் அரசாங்கத்தின் கையில் வளர்ந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

கருவியைப் பற்றிப் பேசுமுன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் லைசென்ஸ் பெற்ற பின்னரே ஒருவர் ஒலி அனுப்பும் கருவியை வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வயது நிறைந்தவர் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதலாம். பௌதிகமும் விதிமுறைகளுமே பாடங்கள். பள்ளி இறுதி வகுப்பு மாணவன் சில மாதங்கள் ஊன்றிப் படித்தால் போதும். வரையறுக்கப்பட்ட நிலை எனப்படும் தொடக்க லைசென்ஸுக்கு மோர்ஸ் தந்தி முறையில் தேர்வு இல்லை. தேறியவருக்கு 'வி.யூ.' என்று தொடங்கும் அழைப்புக் குறி ஒன்று கிடைக்கும். உலகில் வேறு எவருக்கும் இல்லாத பெயர் அது. இவ்வளவும் முடிந்த பின்னரே கடைக்குச் செல்லவேண்டும். இணையக் கடைகளில் வாக்கி டாக்கிகள் பொம்மைகளைப் போல் எவருக்கும் விற்கப்பட்டு வந்ததைக் கண்டு, 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அத்தகைய நிறுவனங்கள் பலவற்றிற்கு அறிவிப்பு அனுப்பிற்று. கடையில் விற்கிறார்கள் என்பதனாலேயே ஒரு பொருள் சட்டத்திற்கு உட்பட்டதாகிவிடாது.

இனி மாணவர் பலர் கொண்டுள்ள ஒரு மயக்கத்தைத் தெளிவிக்க விரும்புகிறேன். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் என்னும் ஹாம் அம்மையார் போர்ட் பிளேரில் இருந்தார். தொலைபேசி இணைப்புகள் அற்றுப்போன அந்த வேளையில், தீவில் இருந்தோரின் நிலையை அவர் தம் வானொலியின் மூலம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த பெருநிலத்திற்குத் தெரிவித்தார். இச்செய்தியைப் படிக்கும் சிறுவன், தானும் ஒரு கைவானொலியை வாங்கிவிட்டால் அந்தமானோடு பேசலாம் என்று எண்ணுகிறான். அவன் ஆர்வத்தைப் போற்றுகிறேன். ஆனால் அவ்வம்மையார் பயன்படுத்தியது மேசைமீது வைக்கும் சிற்றலைக் கருவி. சிற்றலைகள் வானத்தின் மேலடுக்கில் உள்ள அயனிப் படலத்தில் பட்டு வளைந்து மீண்டும் பூமிக்கு வருவன. கடல்களையும் மலைகளையும் கடக்க வல்லன. கைவானொலி வேலை செய்வது வேறு அலைகளில். அவை பெரும்பாலும் அப்படலத்தைத் துளைத்துக்கொண்டு விண்ணிற்குச் சென்றுவிடும், திரும்பி வாரா. பூமியின்மேல் அவை ஏறக்குறைய ஒளியைப் போலவே நேர்கோட்டில் செல்லும்.

ஆதலால் கைவானொலி எவ்வளவு தூரம் எட்டும் என்பது, அதன் ஏரியல் எவ்வளவு தூரம் 'பார்க்கும்' என்பதைப் பொறுத்தது. இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்துக்கொண்டு, அதன் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்குங்கள். அந்த ஏரியலுக்கு அடிவானம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பது கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். தரையில் நிற்பவன் கையிலுள்ள ஏரியல் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். அதன் அடிவானம் ஐந்து கிலோமீட்டர். அவனைப் போன்றே இன்னொருவன் எதிரே நின்றால் அவனுக்கும் ஐந்து. இருவரும் வெட்டவெளியில் பத்துக் கிலோமீட்டர் வரை பேசலாம். இது வெட்டவெளிக் கணக்கு. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களைப் போல வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இடத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டர் எட்டினாலே மகிழ்ச்சி கொள்ளவேண்டும்.

அவர்களுள் ஒருவன் ஒன்பது மீட்டர் உயரமுள்ள மொட்டை மாடிக்கு ஏறட்டும். ஒன்பதின் வர்க்கமூலம் மூன்று. நான்கால் பெருக்கினால் பன்னிரண்டு. கீழே நிற்பவனின் ஐந்தையும் கூட்டப் பதினேழு கிலோமீட்டர் ஆயிற்று. மாடிப்படி ஏறியதற்குச் செலவு ஒன்றுமில்லை! கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஏகாம்பரநாதர் கோயில் இராஜகோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 59 மீட்டர். அதன் உச்சியில் எவரும் ஏரியல் கட்டப் போவதில்லை, கட்டவும் கூடாது. ஆயினும் கணக்கிற்காகச் சொல்கிறேன்: அவ்வளவு உயரத்தில் இருந்தால் தரையில் நிற்பவனோடு முப்பத்தாறு கிலோமீட்டர் வரை பேசலாம். அப்போதும் சென்னை எட்டாது. அது எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

இப்போது வாட்டுக்கு வருவோம். அடிவானத்திற்குக் கீழே மறைந்திருப்பவனை எட்டு வாட்டும் எட்டாது, ஐந்து வாட்டும் எட்டாது. அடிவானத்திற்குள் இருப்பவனுக்கோ பல சமயம் ஒரு வாட்டே போதுமானது. வானொலியில் ஒலியின் வலிமையைக் காட்டும் அளவுமானியில் முள் ஒரு குறி ஏறவேண்டுமானால் ஆற்றல் நான்கு மடங்கு ஆகவேண்டும். ஐந்தை எட்டாக்கினால் அரைக் குறி கூட ஏறாது. கேட்பவன் காதுக்கு அது தெரியவே தெரியாது. தெரிவதெல்லாம், அனுப்புபவனுடைய பாட்டரி விரைவில் தீர்வதுதான்.

ஆகவே பணத்தை வாட்டில் போடாமல் ஏரியலில் போடுங்கள் என்று நான் சொல்லி வருகிறேன். இக்காலத்தார் ஆன்டெனா என்பதைத்தான் எங்கள் தலைமுறை ஏரியல் என்று அழைத்துப் பழகியது. இரண்டு மீட்டர் அலை எனப்படும் 145 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அலைநீளத்தில் கால் பங்கு ஏறத்தாழ அரை மீட்டர். கருவியோடு வரும் ரப்பர் ஏரியலோ ஒரு சாண் நீளம்தான் இருக்கும். சட்டைப் பையில் கொள்ளவேண்டும் என்பதற்காகக் கம்பியைச் சுருட்டி அடைத்திருக்கிறார்கள். அவ்வாறு அடைத்ததனால் ஆற்றலில் ஒரு பகுதி வீணாகிறது. அதனைக் கழற்றிவிட்டு நீளமான ஏரியலைத் திருகினால் முன்பு கரகரத்த குரல் தெளிவாவதைக் கேட்கலாம். எனவே ஏரியலைக் கழற்றி மாற்றக்கூடிய கருவியையே வாங்குங்கள். மாடியில் ஒரு குழாயை நட்டு, அதன் தலையில் நல்ல ஏரியலைப் பொருத்தி, கம்பி வழியே கீழே உள்ள கைவானொலியோடு இணைக்கவும் அந்தத் திருகே உதவும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஏரியல் பொருத்தாமல் பேசும் பொத்தானை அழுத்தக் கூடாது. வெளியே போக வழியில்லாத ஆற்றல் உள்ளே திரும்பிக் கருவியைக் கெடுத்துவிடக்கூடும்.

ஹாம்கள் உயரத்தின் பயனை ஒருவர்க்கு மட்டுமின்றி எல்லார்க்கும் ஆக்கும் பொருட்டு ரிப்பீட்டர் என்னும் நிலையங்களை அமைத்திருக்கிறார்கள். மலை மீதோ உயர்ந்த கட்டடத்தின் மீதோ இருக்கும் இந்த நிலையம் ஓர் அதிர்வெண்ணில் நம் குரலைக் கேட்டு, அதே நொடியில் மற்றோர் அதிர்வெண்ணில் திரும்ப ஒலிக்கும். தெருவில் நிற்பவன் குரலுக்கு மலையின் உயரம் கிடைத்துவிடுகிறது. இதற்கென ஒருவகை மெல்லிய ஒலிக்குறியைக் குரலோடு சேர்த்து அனுப்பவேண்டும்; அனுப்பும் அதிர்வெண்ணும் கேட்கும் அதிர்வெண்ணும் வெவ்வேறாக அமைக்கவேண்டும். இவற்றைக் கருவியின் பொத்தான்களைக் கொண்டே செய்ய முடிகிறதா என்று கடையில் பாருங்கள். கணிப்பொறியோடு இணைத்தாலன்றி அதிர்வெண் மாற்ற முடியாத கருவிகளும் இருக்கின்றன. அவசர காலத்தில் மேசையையும் கணிப்பொறியையும் எங்கே தேடுவது?

எந்த அலை வேண்டும் என்பது அடுத்த கேள்வி. நம் நாட்டில் கைவானொலிக்குரிய ஹாம் அலைகள் முதன்மையாக இரண்டு: 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஒன்று, 434 முதல் 438 வரை மற்றொன்று. இரண்டிலும் இயங்கும் கருவி கிடைத்தால் நல்லது. இயலாவிடில் முன்னதொன்றே போதும். இக்காலத்தில் குரலை எண்களாக மாற்றி அனுப்பும் டிஜிட்டல் முறைகள் பலவும் வந்துள்ளன. அவை ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரியாதவை. பண்பலை எனப்படும் எப்.எம். முறையோ கைவானொலி வைத்திருக்கும் ஹாம்களுக்கெல்லாம் பொதுமொழி. பொதுமொழியை முதலில் கற்றுக்கொள்வதே முறை.

மலிவான சில கருவிகள் 136 முதல் 174 வரை எங்கும் ஒலி அனுப்புமாறு அமைக்கப்பட்டுள்ளன. விற்பவர் இதனைப் பெருமையாகச் சொல்வார். எனக்கு இது அச்சமூட்டும் குணமாகவே படுகிறது. காவல் துறையும் பிற பணித்துறைகளும் பேசும் அலைகள் அந்த இடைவெளியில்தான் உள்ளன. தவறிப்போய் ஒரு பொத்தானைத் தட்டினால் அவர்களுடைய பேச்சில் குறுக்கிட்டவனாகி விடுவாய். அன்றியும், மலிவுக் கருவிகளில் சில, பேசும் அலையோடு அதன் மடங்குகளாகிய வேண்டாத அலைகளையும் சேர்த்து உமிழ்கின்றன. மலிவு என்பதனாலேயே ஒரு கருவியை நான் தள்ளிவிடவில்லை. எல்லா மாணவர்க்கும் ஜப்பானியக் கருவி வாங்கும் வசதி ஏது? உங்கள் ஊரில் மூத்த ஹாம் ஒருவர் இருந்தால் அவர் கையில் உள்ள வகையையே வாங்குவது புத்திசாலித்தனம். அமைப்பதற்கு அவர் வழிகாட்டுவார், ஐயம் வந்தால் கேட்கலாம், பாட்டரியை மாற்றிக்கொள்ளலாம்.

பாட்டரியைப் பற்றிப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. நான் அதனை மிக முக்கியமாகக் கருதுகிறேன். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையை இப்பகுதியார் எளிதில் மறவார். அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி வழிய, அடையாற்றில் வெள்ளம் புரண்டது. மின்சாரம் நின்றது. செல்பேசிக் கோபுரங்கள் பல ஓய்ந்தன. ஹாம்கள் தம் கருவிகளோடு உதவிக்கு வந்த காலம் அது. அத்தகைய நாளில் மின்சாரத்தால் மட்டுமே ஊட்டம் பெறும் பாட்டரி ஒரு பகல் ஓடும். பிறகு கருவி வெறும் பெட்டி. பெட்டிக்கடையில் வாங்கும் சாதாரண டார்ச் செல்களைப் போட்டு இயக்கும் உறை தனியே கிடைக்கும் கருவியானால் அதனையும் சேர்த்து வாங்குங்கள். அது இல்லையேல், இரண்டாவது பாட்டரி ஒன்று எப்போதும் ஊட்டம் பெற்றதாக அலமாரியில் இருக்கவேண்டும். ஆற்றலைக் குறைத்து ஒரு வாட்டில் பேசும் பழக்கத்தின் அருமையும் அப்போது தெரியும்.

கருவி வந்த பின் சில வாரங்கள் கேட்பதற்கே செலவிடுங்கள். கைவானொலியில் ஒரே அலையில் ஒருவர் பேசும்போது மற்றவர் பேச இயலாது. கோர்வைத் தறியில் நெசவாளர் ஒரு பக்கமும், துணையாள் மறுபக்கமும் அமர்ந்து முறை வைத்து நாடாவை எறிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் எறியும்போது மற்றவர் கை காத்திருக்கும். இருவரும் ஒருங்கே எறிந்தால் நாடாக்கள் முட்டிக்கொள்ளும், இழை அறும். வானொலியிலும் அவ்வாறே. பொத்தானை அழுத்தி, ஒரு கணம் பொறுத்து, அழைப்புக் குறியைச் சொல்லி, பேச வேண்டியதைச் சுருங்கப் பேசி, பொத்தானை விட்டுவிடவேண்டும். வாணிபச் செய்திகளுக்கு இங்கே இடமில்லை. ஜரிகை விலை இன்று ஏறிற்றா, இறங்கிற்றா என்று நம்மூர் நெசவாளர் மகன் ஹாம் வானொலியில் தந்தைக்குச் சொல்லலாகாது. அதற்குச் செல்பேசி இருக்கிறது.

பதினேழு கிலோமீட்டர் எட்டுவதற்கே மாடி ஏறவேண்டிய இக்கருவி, நானூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் குரலைத் தெளிவாகக் கேட்கும் என்றால் நம்புவீர்களா? பன்னாட்டு விண்வெளி நிலையம் பூமிக்கு மேலே ஏறத்தாழ அவ்வளவு உயரத்தில் சுற்றுகிறது. அதற்கும் நமக்கும் இடையில் வீடில்லை, மரமில்லை, பூமியின் வளைவும் இல்லை. அங்குள்ள விண்வெளி வீரர்கள் ஹாம் வானொலி வழியே பள்ளி மாணவரோடு பேசும் வழக்கம் உண்டு. 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா அவ்வாறு இந்திய மாணவர்களோடு உரையாடினார். அவர்கள் குரல் வழக்கமாக 145.800 மெகாஹெர்ட்ஸில் கேட்கும். நிலையம் நம் வானத்தில் தோன்றி மறைவது பத்து நிமிட நேரமே. எப்போது வரும் என்பதை முன்கூட்டியே அறிந்து, மொட்டை மாடியில் காத்திருங்கள். அது தலைக்கு நேர்மேலே வரும்போது மட்டும் ஏரியலை நிமிர்த்திப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். ஏரியல் தன் முனை காட்டும் திசையில் மிகக் குறைவாகவே கேட்கும்.