மே மாசத்தில் ஹீட்டர்!

எங்கள் வீட்டில் ஒரு மாருதி 800 இருக்கிறது. 'இருக்கிறது' என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். 'ஓடுகிறது' என்றால் நம்ப மறுக்கிறார்கள்.

2003-ல் அப்பா லோன் போட்டு வாங்கிய வண்டி. வெள்ளை நிறம். மூன்று சிலிண்டர், 796 சி.சி., 37 குதிரைசக்தி. (நாங்கள் நாலு பேர், பாட்டி, ஊறுகாய் ஜாடி, அரை மூட்டை அரிசி எல்லாம் ஏறிக்கொண்டால், அதில் பாதிக் குதிரைகள் படுத்துக்கொள்ளும்!)

நான் பி.காம். படித்தவன். சும்மா இருப்பேனா? ஒருநாள் கால்குலேட்டரை எடுத்தேன். கம்பெனிக் கார் என்றால் வருமான வரிக் கணக்கில் வருஷம் 15 சதவிகிதம் தேய்மானம் போடுவார்கள். இரண்டே கால் லட்சத்தில் ஆரம்பித்து, 22 வருஷம் தேய்த்துக்கொண்டே வந்தேன். மிச்சம் நின்றது ஆறாயிரத்துச் சொச்சம்!

அந்த ஆறாயிரம் ரூபாய் வண்டியில்தான், 14,500 ரூபாய்க்கு ஒரு டச் ஸ்க்ரீன் ஸ்டீரியோ மாட்டினேன். கணக்குப் படித்தவன் பண்ணுகிற காரியமா இது? ஆபீஸில் எல்லோருடைய காரிலும் இருந்தது, சார். அவ்வளவுதான் காரணம்.

அப்பா அந்தத் திரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல இன்ஜின் சூடு காட்டுமா?" என்றார்.

"காட்டாதுப்பா. யூடியூப் காட்டும்."

"ஓ..." என்றார். அந்த 'ஓ'வின் அர்த்தம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

*

மாட்டிய பத்தாம் நாள் காலை. ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. சாவியைத் திருகினால் 'டிக்'. மறுபடி திருகினால் மறுபடி 'டிக்'. அரியமங்கலத்தில் இருக்கும் எங்கள் மெக்கானிக் பாய்க்கு போன் போட்டேன்.

"வண்டி ஸ்டார்ட் ஆகல பாய்."

"என்ன சத்தம் வருது, அதைச் சொல்லுங்க முதல்ல."

டாக்டர் நாடி பிடிக்கிற மாதிரி, அவர் சத்தம் பிடிக்கிறார். அன்றைக்குப் போனிலேயே எனக்கு ஒரு பாடம் நடந்தது. நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

சாவியைத் திருகும்போது 'டிக் டிக்' என்று சத்தம் வந்து, ஹெட்லைட்டும் மங்கினால் பாட்டரியில் சார்ஜ் இல்லை. அல்லது பாட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப் போயிருக்கும். கழற்றி வெந்நீர் விட்டுத் துடைத்து, இறுக்கி மாட்டினாலே பாதி கேஸ் தீர்ந்துவிடும். லைட் பளிச்சென்று எரிகிறது, ஆனால் ஒரே ஒரு 'டக்' சத்தத்தோடு நின்றுவிடுகிறது என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். 'கிர்ர்ர்ர்' என்று இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் வரவில்லை, அல்லது பொறி வரவில்லை. சாவியைப் போட்டதும் பின் சீட் பக்கம் இரண்டு விநாடி 'ஙொய்ங்' என்று பெட்ரோல் பம்ப் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.

வந்து பார்த்தார் பாய். பாட்டரி நல்ல பாட்டரி. ஸ்டீரியோ கடைப் பையன், சாவியை எடுத்தாலும் கரண்ட் போய்க்கொண்டே இருக்கிற ஒயரில் இணைப்புக் கொடுத்திருந்தான். ராத்திரி முழுக்க ஸ்டீரியோ பாட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது.

"ஓய்வா இருக்கற பாட்டரி 12.6 வோல்ட் காட்டணும் தம்பி. இன்ஜின் ஓடும்போது பதினாலை ஒட்டிக் காட்டணும். 200, 300 ரூபாய்க்கு மீட்டர் கிடைக்குது. பாட்டு கேக்கறதுக்கு முன்னாடி அதை வாங்குங்க."

பாய் சொன்னதைச் செய்தேனா? ஒயரை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

*

போன மே மாதம். அப்பாவுக்கு மதுரையில் கண் ஆபரேஷன். இரண்டு கண்ணிலும் புரை. 'கண்ணாடிப் பவர் மாறியிருக்கும்' என்று இரண்டு வருஷமாக அவர் சொல்லிக்கொண்டிருந்ததை நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம்.

திருச்சியிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பினோம். நான் ஓட்டுகிறேன். பக்கத்தில் அப்பா. பின்னால் என் மனைவி. ஏ.சி. ஓடுகிறது, திரையில் பாட்டு ஓடுகிறது. விராலிமலை தாண்டியிருப்போம்.

"டேய், யாராவது பாகு காய்ச்சறாங்களா?" என்றார் அப்பா.

"ஹைவேஸ்ல யாருப்பா பாகு காய்ச்சுவாங்க?"

"இனிப்பா ஒரு வாசனை வருது. வெளியேருந்து இல்ல, வண்டிக்குள்ளேருந்து. முள்ளைப் பாரு."

பார்த்தேன். சூடு காட்டுகிற முள், 'எச்' எழுத்தை எட்டித் தொட்டுக்கொண்டிருந்தது. எத்தனை நேரமாகத் தொட்டுக்கொண்டிருந்ததோ, எனக்குத் தெரியாது. நான்தான் பாட்டு பார்த்துக்கொண்டிருந்தேனே!

"ஏ.சி.யை அணை. ஹீட்டரை முழுசா வை. மெதுவா ஓரங்கட்டு."

"ஹீட்டரா? மே மாசத்திலயா?"

"வைடா!"

வைத்தேன். சூடாக, செங்கல் சூளைக்குள் தலையை விட்ட மாதிரி காற்று முகத்தில் அடித்தது. காரணம் இல்லாமல் அப்பா சொல்லவில்லை. ஹீட்டர் என்பது உண்மையில் ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினைச் சுற்றி வரும் வெந்நீர்தான் அதற்குள்ளும் ஓடுகிறது. அதைத் திறந்துவிட்டால் இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கு நம் மேல் இறங்கும். அது பத்திரமாக ஓரங்கட்டுவதற்கு மட்டும்தான். அப்படியே மதுரை வரை போய்விடலாம் என்று நினைக்கக் கூடாது. நிறுத்தியதும் இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

பானெட்டைத் திறந்தேன். ஆவி. வீரமாகத் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன்.

"கையை எடு!"

பத்து வருஷமாகக் கேட்காத குரல் அது. காரைப் பிடித்துக்கொண்டு தட்டுத் தடுமாறி இறங்கி வந்தவர், "எனக்குத்தான் கண்ணு தெரியல. உனக்குமா?" என்றார்.

குக்கரில் விசில் அடங்குவதற்குள் மூடியைத் திறந்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும். உள்ளே அழுத்தம் இருப்பதால் நூறு டிகிரிக்கு மேலும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் விட்டுப்போய், மொத்தமும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். மூடியைத் தொட்டால் கை சுடக் கூடாது. அப்புறம்தான் திறக்கலாம்.

லாரிக்கார அண்ணன் ஒருவர் நிறுத்தி, தண்ணீர் கேனோடு வந்தார். முக்கால் மணி நேரம் கழித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். ஊற்ற ஊற்ற, அடியில் ஒழுகியது. ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் வெடித்திருந்தது.

மனைவியும் அப்பாவும் கால் டாக்ஸி பிடித்துப் போனார்கள். போய்ச் சேர்ந்தபோது நேரம் தாண்டிவிட்டது. அன்றைய பட்டியலில் அப்பா பெயர் இல்லை. மூன்று வாரம் கழித்து வேறு தேதி கொடுத்தார்கள். இன்னும் மூன்று வாரம் அவர் சுவரைத் தடவித் தடவி நடக்க வேண்டும்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அப்பா ஒன்றுமே சொல்லவில்லை.

*

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு பாயிடம் வந்தேன். உள்ளே இருந்த தண்ணீரை வடித்தார். டீ டிகாக்‌ஷன் கலரில் வந்தது.

"வெறும் தண்ணியா ஊத்துனீங்க?"

"குறையும்போது... பைப் தண்ணி..."

"துருப்பிடிக்காம இருக்கத்தான் தம்பி கூலன்ட்டு. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தீங்கன்னா ஹெட்டு வளைஞ்சிருக்கும். அது அலுமினியம். அப்புறம் கேஸ்கெட்டு, லேத் வேலைன்னு எங்கயோ போய் நிக்கும்."

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அடிப்பக்கத்தைக் காட்டினார். அங்கே பால் காபி மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால், தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டது என்று அர்த்தமாம். புகைக்குழாயில் வெள்ளைப் புகை விடாமல் வருவது இன்னொரு அடையாளம். நல்லவேளை, இரண்டும் இல்லை. ஹோஸ், கிளிப், ரேடியேட்டர் மூடி, கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. ஸ்டீரியோ விலையில் ஏழில் ஒரு பங்கு!

"கடைசியா கூலன்ட்டு எப்ப மாத்துனது? அய்யா நோட்டுல இருக்குமே, பாருங்க" என்றார் பாய்.

டேஷ்போர்டு பெட்டிக்குள் இருந்தது நோட்டு. 2003-லிருந்து ஒவ்வொரு ஆயில் மாற்றமும், ஒவ்வொரு பஞ்சரும் தேதி, கிலோமீட்டர், ரூபாய் போட்டு எழுதியிருந்தார் அப்பா. கருவூலத்தில் வேலை பார்த்தவர். முத்து முத்தான எழுத்து.

புரட்டப் புரட்ட எழுத்து பெரிதாகிக்கொண்டே வந்தது. 2018-ல் ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாய் கட்டியது ஒரு வரியில் இருக்கிறது. 2023-ல் அதே வேலைக்கு 5,000 ரூபாய் கட்டியது (2022 ஏப்ரலில் கட்டணத்தை உயர்த்திவிட்டார்கள்) மூன்று வரியை அடைத்துக்கொண்டு, கோணலாக இறங்கிப் போகிறது. அதற்கப்புறம் எல்லாம் வெள்ளைப் பக்கம்.

வண்டி மேல் அப்பாவுக்கு ஆர்வம் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அவருக்கு எழுத்துத் தெரியவில்லை. அதை நான் பார்க்கவில்லை.

*

"புதுசா ஏதாவது போடணும்னா வரிசையாப் போடுங்க தம்பி" என்றார் பாய். "முதல்ல நிக்கணும். அப்புறம் தெரியணும். அப்புறம் ஓடணும். கடைசியாத்தான் பாடணும்."

பழைய குடும்பக் கார் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் இதுதான் திருமந்திரம்!

நிக்கணும்: பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் ஓர் ஓவலுக்குள் நாலு எண் இருக்கும். '2318' என்றால் 2018-ம் வருஷம், 23-வது வாரம் தயாரானது. தேயாவிட்டாலும் வயதானால் ரப்பர் இறுகி வெடிக்கும். அழகுக்காக அகல டயரும் அலாய் வீலும் போட்டால், ஸ்டீரிங் கனக்கும், பேரிங் அழும். நம்மிடம் இருப்பது 37 குதிரைகள்தான் சார்!

தெரியணும்: வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட்ஸ் பல்பு போடாதீர்கள். எதிரே வருகிறவர் கண் கூசும், நம் ஒயர் உருகும். பழைய பல்பே போதும். தனி ஒயரும் ரிலேயும் வைத்து, பாட்டரியிலிருந்து நேராக முழுக் கரண்ட் வரும்படி செய்தால், அதே பல்பு பளிச்சென்று எரியும். வைப்பர் ரப்பரை மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

ஓடணும்: ஹோஸ்களை இன்ஜின் ஆறியிருக்கும்போது பிதுக்கிப் பாருங்கள். விறைத்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ மாற்றுங்கள். டைமிங் பெல்ட் சொல்லிக்கொள்ளாமல் அறும். கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்ற வேண்டும். 2025-ல் 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க வந்துவிட்டது. பழைய வண்டியின் பெட்ரோல் ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது. வருஷா வருஷம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்பேருக்குக் கவலை வேண்டாம். 1983 டிசம்பர் 14-ந் தேதி முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தி கொடுத்ததில் ஆரம்பித்து, 2014-ல் தயாரிப்பு நிற்கும் வரை லட்சக்கணக்கில் விற்ற வண்டி. ஆம்னி வேனுக்கும் இதே இன்ஜின்தான்.

*

ஜூன் மாதம் அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், பத்து நாள் கழித்து முதல் வேலையாக நோட்டைக் கேட்டார். வெள்ளைப் பக்கங்களைப் புரட்டினார்.

"ரெண்டு வருஷமா ஒண்ணுமே செலவு பண்ணலையா?"

தலையைச் சொறிந்துகொண்டே ஸ்டீரியோ பில்லை நீட்டினேன். படித்தார். கண்ணாடி இல்லாமலே படித்தார்! பேனாவை என்னிடம் கொடுத்தார்.

"எழுது. இனிமே நீதான் எழுதணும்."

எழுதினேன். 14,500 என்ற எண்ணைக் கொஞ்சம் பொடியாகத்தான் எழுதினேன்.

அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பின் கதவுப் பக்கம் நின்று குனிந்தார்.

"டேய், இங்க வா. இந்தக் கீறல் எப்ப விழுந்துது?"

2023 நவம்பரில், ஒரு தண்ணி லாரியோடு... அந்தக் கணக்கை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்!