பேசாத தம்பி கேட்டது என்ன?

மாலை நேரம். பேச்சு வராத உங்கள் தம்பி, உங்கள் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுக்கிறான். மைலோ கொடுக்கிறீர்கள், தட்டிவிடுகிறான். ரொட்டி கொடுக்கிறீர்கள், தரையில் விழுந்து அழுகிறான். “என்ன பிடிவாதம்!” என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. அவன் கேட்டது தண்ணீர் மட்டும்தான். அதைச் சொல்ல அவனிடம் சொல் இல்லை.

மாணவர்களே, ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளில் இப்படி நடப்பதுண்டு. ஆட்டிசம் தொற்றுநோய் அல்ல. பெற்றோரின் வளர்ப்பால் வருவதும் அல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு அது. ஆட்டிசம் உள்ள சிலர் சரளமாகப் பேசுவார்கள். சிலர் கேட்ட சொல்லையே திரும்பச் சொல்வார்கள். சிலருக்குப் பேச்சு வராது. ஆனால் பேசவில்லை என்பதால் புரியவில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

படம் பேசும்

வாயால் சொன்ன சொல் காற்றோடு போய்விடும். படம் கண்முன்னே நிற்கும். இதை அடிப்படையாக வைத்து, 1985-இல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டி, லோரி ஃபிராஸ்ட் ஆகிய இருவரும் பட அட்டைப் பரிமாற்ற முறையை உருவாக்கினார்கள். பிள்ளை தண்ணீர்ப் படத்தை எடுத்து நம் கையில் தருகிறது. உடனே நாம் தண்ணீர் தருகிறோம். ‘இதைக் கொடுத்தால் அது கிடைக்கும்’ என்று அதற்குப் புரிந்துவிடுகிறது.

சென்னையைச் சேர்ந்த பொறியாளர் அஜித் நாராயணன் உருவாக்கிய ‘ஆவாஸ்’ செயலியும் இத்தகையதே. படத்தைத் தொட்டால் கருவி அந்தச் சொல்லை ஒலிக்கும். தமிழிலும் இது கிடைக்கிறது.

“படம் காட்டிப் பழக்கினால் பேசவே மாட்டானே!” என்று பாட்டி கவலைப்படலாம். இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் ஒரு கட்டுரை வெளியானது. அதில் நம்பகமான சான்று இருந்த 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. 89 விழுக்காட்டினருக்குக் கூடியிருந்தது.

கதவைத் தாண்டினால்

2012-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ஆட்டிசம் உள்ள 1,218 பிள்ளைகளின் குடும்பங்களைக் கேட்டது. நான்கு வயதுக்குப் பின் ஒருமுறையாவது சொல்லாமல் வெளியேற முயன்றவர்கள் 49 விழுக்காட்டினர். பிடித்த இடத்துக்குப் போகவோ, இரைச்சலிலிருந்து தப்பவோ பலர் கிளம்பியிருக்கிறார்கள். சாலையும் தண்ணீரும்தான் அவர்களுக்குப் பெரிய ஆபத்துகள்.

பீடோர்வாசிகளுக்கு இது நன்றாகப் புரியும். ஈயம் தோண்டிய இடங்கள் இன்று குட்டைகளாகக் கிடக்கின்றன. மேலே அமைதியாகத் தெரியும். கரையிலிருந்து இரண்டு அடி வைத்தாலே திடீரென ஆழமாகலாம். தண்ணீரின் மினுமினுப்பை விரும்பும் பிள்ளைக்கு அந்த ஆபத்து தெரியாது.

ஆகவே கதவைப் பூட்டினால் மட்டும் போதாது. ‘வெளியே போகணும்’, ‘சத்தம் வேண்டாம்’ என்று சொல்லவும் அவனுக்கு வழி வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. தண்ணீர், கழிப்பறை, வலி, வெளியே, போதும் – இந்த ஐந்து படங்களை அட்டையில் ஒட்டி, தம்பிக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள்.

2. சுருக்கமாகப் பேசுங்கள். “ஓடாதே” என்பதைவிட “நில்” என்பது எளிதில் புரியும். சொன்னபின் மனத்துக்குள் பத்துவரை எண்ணிக் காத்திருங்கள்.

3. வாசல் கதவில் மணி கட்டுங்கள். தாழ்ப்பாளை அவனுக்கு எட்டாத உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஆனால் தீ விபத்து நேர்ந்தால் பெரியவர்கள் உடனே திறக்கும்படி இருக்கவேண்டும்.

4. பெற்றோரின் தொலைபேசி எண்ணை அவன் சட்டையின் உட்புறம் தைத்துவிடலாம். அக்கம்பக்கத்தாரிடமும் அவனைப் பற்றிச் சொல்லிவையுங்கள்.

5. அவனைக் காணோம் என்றால் முதலில் குட்டை, கால்வாய், ஆற்றங்கரையில் தேடுங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் 999-ஐ அழைக்கட்டும்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு தம்பி இல்லாமல் இருக்கலாம். ஆனால் குட்டைக்கரையில் ஒரு பிள்ளை தனியாக நடப்பதையும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காததையும் நீங்கள் ஒருநாள் காணலாம். மரியாதை தெரியாத பிள்ளை என்று கடந்துபோகாதீர்கள். அதட்டாமல் அருகே போய், அவனுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நின்றுகொண்டு, பெரியவர்களை அழையுங்கள்.