கடல் கடந்த இதழ்களும் நம் எழுத்தாளரும்

யாழ்ப்பாணத்தார் கடல் கடந்த இதழ்களுக்கு எழுதுதல் புதியதொன்றன்று. 1932இற் சென்னையிலே தொடங்கிய 'கலைமகள்' இதழில் இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் ஆகிய மூவர்தம் சிறுகதைகளும் வெளிவந்தன. அவ்விதழின் தரத்தை இங்கிருந்தே படித்தறிதல் அவர்க்கு இயன்றது. இன்றோ, முகமறியாத அயல்நாட்டார் பலர் இணையவழியே எழுத்து வேண்டுகின்றனர். அவருள் நல்லாரை அறிவது எங்ஙனம்?

வேலை தருவதாகக் கூறிப் பதிவுக் கட்டணங் கேட்போரை உடனே விலக்குக. மாதிரியென்று முழுக் கட்டுரையை இலவசமாக வாங்குவோரும் அத்தகையரே.

இவற்றினும் நுட்பமானது உரிமை. இலங்கை 1959இற் பேர்ண் உடன்படிக்கையிற் சேர்ந்தமையால், நம்மவர் எழுத்துக்குப் பிற உறுப்பு நாடுகளிலும் காப்புண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டும் நிலைக்கும். ஆயினும், உரிமை முழுவதையும் கொடுப்பதாகக் கையொப்பமிட்டவர் பின்னர்த் தம் கதையைத் தாமே நூலாக்கவும் பிறரிடம் இசைவு பெறல்வேண்டும். சிறு தொகைக்காக இதற்கு உடன்படுவது, என் கருத்திற், பெரும் பேதைமை. 'முதன்முறை வெளியிடும் உரிமை மட்டும்' என எழுத்திற் கேட்டுப் பெறுக. ஊதியம் எந்நாணயத்தில், எத்தனை நாளில் வரும், வங்கிக் கழிவு யாரைச் சாரும் என்பவற்றையும் எழுதத் தொடங்குமுன்னரே உசாவுக.